வலப்பக்கம் மூன்று துளைகள்

தருமபுரியில் பல்லுக்குக் கிளிப் போட வருகிறவர்கள், எவ்வளவு செலவாகும் என்று கேட்பதற்கு முன்பே எத்தனை மாதத்தில் முடியும் என்று கேட்டுவிடுகிறார்கள். பல் சீரமைப்பு மருத்துவராக இந்த ஊரில் நான் உட்கார்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவருகிறேன். பதினெட்டு மாதம் முதல் இரண்டு வருடம் வரை என்பதுதான் என் வழக்கமான விடை. அந்த விடையைக் கேட்டதும் எதிரில் இருக்கும் முகம் எப்படி மாறும் என்பதும் எனக்குப் பழகிப்போயிருந்தது. அந்தப் பழக்கத்தைக் கலைத்தவள் 2021-ல் என்னிடம் வந்த ஓர் இருபது வயதுப் பெண். சொந்த ஊர் பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். வேலை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில். தங்கியிருந்தது அங்கேயே விடுதியில். மேல்வரிசை முன்பற்கள் நன்றாகத் துருத்திக்கொண்டிருந்தன; உதடு மூடவில்லை. நான் இரண்டு வருடம் என்று சொன்னதும் அவள் விரல் விட்டு எண்ணினாள். "மாசம் ஒரு தடவைன்னா இருபத்துநாலு தடவை மேடம். ஒரு நாள் லீவு போட்டாலும் அந்த மாச அட்டெண்டன்ஸ் போனஸ் போயிடும்" என்றாள். பக்கத்தில் இருந்த அவளுடைய அம்மா, "சீக்கிரம் ஆகறதுக்கு ஏதாவது வழி இருந்தா பாருங்க டாக்டரம்மா, கூட ஆனாலும் பரவாயில்லை" என்றார். கூட ஆனாலும் பரவாயில்லை என்று அந்த அம்மா சொன்ன அந்த வார்த்தைதான் இந்தக் கட்டுரையை இத்தனை காலம் கழித்து என்னை எழுத வைத்திருக்கிறது.

வழி இருந்தது, அல்லது இருப்பதாக அப்போது நான் நம்பினேன். அதற்கு முந்தைய ஆண்டுதான் தாடை எலும்பில் நுண்துளையிடும் முறையைப் பயிற்சி வகுப்பு ஒன்றில் கற்று வந்திருந்தேன். மைக்ரோ ஆஸ்டியோபெர்ஃபொரேஷன் என்று அதற்குப் பெயர். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறைக் கிழிக்காமலேயே, பல் நகர வேண்டிய இடத்தில் எலும்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சிறு துளைகள் போடுவார்கள். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் போதும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அலிகானியும் அவருடைய குழுவினரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், இருபது பேரிடம் செய்து பார்த்தபோது கோரைப்பல் 28 நாட்களில் 2.3 மடங்கு அதிகம் நகர்ந்தது என்று காட்டியிருந்தார்கள். 2.3 என்ற அந்த எண் பயிற்சி வகுப்பின் முதல் படத்திலும் இருந்தது, கடைசிப் படத்திலும் இருந்தது. நான் அந்த அம்மாவிடம் சொன்னதும் அதே எண்ணைத்தான். ஐயாயிரம் ரூபாய் கூடுதலாக ஆகும் என்றும் சொன்னேன். அவர் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து, ஒரு பகுதியை அன்றைக்கே எண்ணி வைத்தார்.

பல் ஏன் மெதுவாகப் போகிறது

பல்லை எலும்புக்குள் கம்பி இழுத்துக்கொண்டு போவதாகத்தான் பலரும் எண்ணுகிறார்கள். கம்பி செய்வது அழுத்துவது மட்டும்தான், நகர்த்துவது உடல். வேருக்கும் எலும்புக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலத்தில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. அழுத்தப்படும் பக்கம் அந்தப் படலம் நசுங்குகிறது. எலும்பை அரித்துத் தின்னும் செல்கள் அங்கே வந்து சேர்கின்றன. இழுபடும் பக்கம் புது எலும்பு வைக்கும் செல்கள் வேலை தொடங்குகின்றன. கார்ல் சாண்ட்ஸ்டெட் என்பவர் நாயின் பற்களில் இதைச் செய்து, திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, 1904-ல் எழுதி வைத்தார். அதிக அழுத்தம் கொடுத்தால் படலத்தின் ஒரு பகுதி ரத்தம் இல்லாமல் செத்துக் கண்ணாடி போல ஆகிவிடுகிறது என்பதையும் அவர் அப்போதே கண்டிருந்தார். அப்படிச் செத்த இடத்தை உடல் அப்புறப்படுத்தும் வரை பல் அசையாமல் நிற்கிறது. அந்த நிற்றலே இரண்டு மூன்று வாரங்களை எடுத்துக்கொண்டுவிடும். ஆகவே இன்னும் கொஞ்சம் இறுக்கினால் இன்னும் வேகமாகப் போகும் என்ற கணக்கு இங்கே எடுபடுவதில்லை. 1932-ல் ஸ்வார்ஸ் என்பவர், நுண்ணிய ரத்தக் குழாய்களின் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லி, சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் என்று ஓர் எல்லை வைத்தார். எங்கள் தொழில் இன்றைக்கும் மெல்லிய விசையை விட்டு விலகவில்லை. கோரைப்பல் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் போகும். பிடுங்கிய முன்கடைவாய்ப்பல் விட்டுச் சென்ற இடம் ஏழு மில்லிமீட்டர். இதற்கு முன்னால் பற்களை வரிசைப்படுத்த ஐந்தாறு மாதம், இதற்குப் பின்னால் முன்பற்கள் நான்கையும் உள்ளே கொண்டுபோக இன்னும் ஐந்தாறு மாதம், கடைசியில் கடியைச் சரிசெய்யும் காலம். இரண்டு வருடம் என்பது இப்படித்தான் வருகிறது.

உடலின் இந்தக் கடிகாரத்தை விரைவுபடுத்த முடியுமா என்ற எண்ணம் புதிதல்ல. எலும்பை வெட்டினால் பல் வேகமாகப் போகிறது என்பதைக் கோலே என்பவர் 1959-லேயே எழுதினார். வெட்டுப்பட்ட எலும்பு கட்டி கட்டியாகப் பல்லோடு சேர்ந்து நகர்கிறது என்று அவர் கருதினார். எலும்பு முறிவுகளை ஆராய்ந்த ஹரால்ட் ஃப்ராஸ்ட் 1983-ல் வேறொன்றைச் சொன்னார். எலும்பில் காயம் பட்டால் அந்த வட்டாரத்தில் மட்டும் அரிப்பும் கட்டுமானமும் சில மாதங்களுக்குப் பல மடங்கு விரைவாகின்றன, எலும்பின் அடர்த்தி தற்காலிகமாகக் குறைகிறது என்றார். 2001-ல் வில்கோ சகோதரர்கள் எலும்பு வெட்டையும் எலும்புத்தூள் நிரப்புவதையும் சேர்த்து ஒரு சிகிச்சையை அறிவித்து, பல் வேகமாகப் போவதன் காரணம் ஃப்ராஸ்ட் சொன்னதுதான் என்று விளக்கினார்கள். ஈறை முழுவதும் திறந்து செய்யும் அறுவை அது. வலி உண்டு, வீக்கம் உண்டு, செலவும் அதிகம். ஈறில் சிறு கீறல் போட்டு அதன் வழியாக எலும்பைக் கீறும் முறையை டிபார் 2009-ல் கொண்டுவந்தார். கீறலும் தேவையில்லை, துளை போதும் என்று அடுத்து வந்ததுதான் நான் கற்றுக்கொண்ட முறை. ஒவ்வொரு படியிலும் காயம் சிறிதாகிக்கொண்டே வந்திருப்பதைக் கவனியுங்கள். காயத்துக்கு உடல் தரும் பதில்தான் வேகம் என்றால், காயம் சிறிதாகும்போது வேகம் மட்டும் எப்படி அப்படியே இருக்கும் என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

பாதியில் நின்ற வேலை

அவளுக்கு மேல்வரிசையில் இரண்டு முன்கடைவாய்ப்பற்களை எடுத்து, பற்களை வரிசைப்படுத்திய பிறகு, துளையிட நாள் குறித்தோம். வலப்பக்கம் ஊசி போட்டு மூன்று துளைகள் போட்டேன். வலி தெரியவில்லை, ஆனால் எலும்பில் கருவி திரும்பும் சத்தமும் அழுத்தமும் தலைக்குள் கேட்டிருக்கின்றன. இடப்பக்கத்துக்கு ஊசியை எடுத்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தி, தண்ணீர் கொடுத்து, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவிட்டேன். இரண்டு பக்கமும் 150 கிராம் இழுக்கும் சுருள் ஸ்பிரிங்கை மாட்டி அனுப்பினேன். நான்கு வாரத்தில் வர வேண்டியவள், விடுப்புக் கிடைக்காமல் ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகப் பேருந்தில் வந்தாள்.

அன்றைக்கு வெர்னியர் அளவுகோலை எடுத்து வலப்பக்கம் வைத்தேன். கோரைப்பல் 1.2 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. இடப்பக்கம் வைத்தேன். 1.1. மறுபடியும் அளந்தேன். உதவியாளரை அழைத்து, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் அளக்கச் சொன்னேன். உதவியாளருக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக வந்தது. அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் எனக்குள் ஓடியவற்றை இன்றும் வரிசையாகச் சொல்ல முடியும். முதலில், துளையின் ஆழம் போதவில்லையோ என்று நினைத்தேன். அடுத்து, இடப்பக்கம் மெல்லும் பழக்கம் உள்ளவளாக இருக்கலாம் என்று நினைத்தேன். மூன்றாவதாக, அடுத்த மாதம் வித்தியாசம் தெரியும் என்று நினைத்தேன். மூன்றுமே அந்த ஐயாயிரம் ரூபாயைக் காப்பாற்ற என் மனம் தேடிய காரணங்கள் என்பது நான்காவதாகத்தான் உறைத்தது. அவள் வாயைத் திறந்தபடி, "எவ்வளவு நகர்ந்திருக்கு மேடம்?" என்று கேட்டாள். நன்றாக நகர்ந்திருக்கிறது என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. இடப்பக்கத்தில் துளையிட வேண்டியதில்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஒரு பெண்ணின் வாயில் எடுத்த ஓர் அளவை வைத்து ஒரு சிகிச்சை முறையைத் தள்ள முடியாது. ஆனால் அன்றிரவு நான் படிக்க உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். வருடக்கணக்கில் கிடைத்துக்கொண்டிருந்த ஆய்வுகளை, பயிற்சி வகுப்பின் படங்களைத் தாண்டி நான் தேடிப் படித்திருக்கவில்லை. என் நாற்காலியில் தற்செயலாக நடந்ததைத் திட்டமிட்டே செய்திருந்தார்கள்: ஒரே நோயாளியின் ஒரு பக்கம் துளையிடுவது, மறுபக்கம் விட்டுவிடுவது. ஜோர்டானில் அப்படிச் செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாத முடிவில் இரண்டு பக்கங்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. எகிப்திலிருந்து அடுத்த ஆண்டு வந்ததும் அதையே சொன்னது. வேகம் கூடியதாகச் சொன்ன ஆய்வுகளும் இருந்தன. அவற்றில் பலவும் சிறியவை, ஓரிரு மாதம் மட்டும் பின்தொடர்ந்தவை. முதல் மாதத்தில் ஒரு துள்ளல் இருக்கலாம், அது நீடிப்பதில்லை என்பதுதான் என் புரிதல். பல் சிகிச்சைக்கு மொத்தமாக எத்தனை மாதம் மிச்சம் என்ற கேள்விக்கு இந்த 28 நாள் அளவுகளில் விடை இல்லை. நோயாளி கேட்பதோ அந்தக் கேள்வியை மட்டும்தான்.

துளையை விட்டுவிட்டு மற்றவற்றையும் பார்த்தேன். தினமும் இருபது நிமிடம் வாயில் கடித்துக்கொண்டு அதிரவிடும் கருவி ஒன்று உண்டு. நொடிக்கு 30 முறை அதிரும். பிரிட்டனில் 81 இளைஞர்களிடம், சிலருக்கு அதிரும் கருவியும் சிலருக்கு அதிராத போலிக் கருவியும் கொடுத்துச் சோதித்து, வித்தியாசம் இல்லை என்று 2015-ல் எழுதினார்கள். மெல்லிய லேசர் ஒளியைப் பிரேசிலில் 2004-ல் முதன்முதலாக மனிதர்களிடம் சோதித்தார்கள். வேகம் கூடியது என்றார்கள். பின்னால் வந்தவை ஒத்துப்போகவில்லை. மேலும் லேசருக்கு மாதத்தில் பலமுறை வர வேண்டும். ஓசூரிலிருந்து ஒரு முறை வரவே போனஸை இழக்கும் பெண்ணுக்கு இது எந்த விதத்தில் உதவி? அறுவை இல்லாத இந்த முறைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2023-ல் புதுப்பிக்கப்பட்டபோதும், அதிர்வோ ஒளியோ சிகிச்சைக் காலத்தைக் குறைக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடிந்தது. ஈறைத் திறந்து எலும்பை வெட்டும் பழைய முறை முதல் சில மாதங்களுக்கு உண்மையாகவே வேகம் தருகிறது என்று நான் நினைக்கிறேன்; வேறு காரணத்துக்காக எப்படியும் அந்த இடத்தைத் திறக்க வேண்டியிருப்பவர்களுக்கு அதை யோசிப்பேன். முன்பல் துருத்தியதற்காக வந்த இருபது வயதுப் பெண்ணுக்கு யோசிக்க மாட்டேன்.

நேரம் எங்கே போனது

அடுத்த முறை அவளும் அம்மாவும் வந்தபோது, துளையிட்டதற்காக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அம்மா பணத்தை வாங்கிக்கொள்ளத் தயங்கினார். "நீங்க வேலை செஞ்சீங்கல்ல, அதுக்கு எடுத்துக்குங்க" என்றார். வேலை செய்தது உண்மை, அது உதவவில்லை என்பதும் உண்மை என்று சொல்லிக் கையில் வைத்தேன். பிறகு அவளுடைய சிகிச்சைக் குறிப்பை முதலிலிருந்து எடுத்துப் படித்தேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

அதுவரையான மாதங்களில் அவளுக்கு ஏழு முறை பிராக்கெட், அதாவது கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு, கழன்றிருந்தது. கழன்ற பல் அடுத்த வருகை வரை சும்மா நிற்கும். சில சமயம் வந்த வழியே கொஞ்சம் திரும்பும். கடினமாக எதையும் கடிக்காதே என்று ஒவ்வொரு முறையும் நான் அவளைக் கடிந்துகொண்டிருந்தேன். ஆனால் அவள் பற்களை நன்றாகப் பார்த்தால் காரணம் வேறு. எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் நான் இதை விளக்க வேண்டியதில்லை. அவள் 2001-ல் பிறந்தவள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நிதியுதவியோடு, தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தண்ணீர் கொடுக்கத் தொடங்கியது 2013-ல். அதாவது எனாமல் உருவாகும் முதல் எட்டு வருடமும் அவள் குடித்தது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய புளோரைடு அந்த வயதில் பல்லில் எழுதிவிட்டுப் போகும் பழுப்புக் கறை அவள் முன்பற்களில் இருந்தது. பிராக்கெட் ஒட்டும் முன் பல்லின் மேற்பரப்பைப் பாஸ்பாரிக் அமிலத்தால் முப்பது நொடி சொரசொரப்பாக்குவோம். புளோரைடு ஏறிய எனாமலின் மேல்தோல் அந்த அமிலத்துக்கு எளிதில் வசப்படாது. நான் எல்லோருக்கும் வைக்கும் அதே முப்பது நொடியைத்தான் அவளுக்கும் வைத்திருந்தேன். நான் எலும்பில் வேகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, பல்லின் மேல் பசை நிற்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. நின்றுகொண்டே எட்டு மணி நேரம் செய்யும் வேலை, இடுப்பு வலி. விடுதியில் ஒருத்தியிடம் வாங்கித் தினமும் ஒரு டைக்ளோஃபெனாக் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். கிளிப் இறுக்கிய நாட்களின் வலிக்கும் அதுவே. அழுத்தப்பட்ட படலத்திலிருந்து எலும்பரிக்கும் செல்களுக்கு அழைப்பு அனுப்பும் வேதிப்பொருட்களில் புராஸ்டகிளாண்டின் முக்கியமானது. இந்த மாத்திரைகள் வலியைக் குறைப்பதே அதன் உற்பத்தியை நிறுத்தித்தான். டைக்ளோஃபெனாக் கொடுத்த எலிகளில் பல் நகர்வு வெகுவாகக் குறைந்ததை 2006-ல் காட்டியிருக்கிறார்கள். கிளிப் போட்டவர்களுக்கு வலி என்றால் நாங்கள் பாராசிட்டமால் சொல்வது இதனால்தான். அதை நான் முதல் நாளே சொல்லியிருந்தேன். வேறு எந்த வலிக்கு என்ன மாத்திரை போடுகிறாய் என்று கேட்டிருக்கவில்லை. இடுப்பு வலிக்கு மருத்துவரிடம் அனுப்பினேன். உடற்பயிற்சியும் நிற்குமிடத்தில் ஒரு மெத்தைவிரிப்பும் பெரிய அளவில் உதவின.

எனாமலின் மேல்தோலை மெல்லத் தேய்த்து, அமிலத்தை நீண்ட நேரம் வைத்து, முன்பல் பிராக்கெட்டுகளை மீண்டும் ஒட்டினேன். அதன் பிறகு கழன்றது ஒன்றே ஒன்று, அதுவும் மாங்காய்ப் பருவத்தில். கூடவே பற்களை இழுக்க மாட்டும் ரப்பர் சங்கிலியை அவளுக்கு அறவே விட்டுவிட்டேன். அது முதல் நாளிலேயே தன் விசையில் பாதிக்கு மேல் இழந்துவிடும். அதனால்தான் மாதாமாதம் மாற்ற வேண்டியிருக்கிறது. நிக்கல் டைட்டானியம் சுருள் மாதக்கணக்கில் ஏறக்குறைய ஒரே மாதிரி இழுக்கும். அதை மட்டும் வைத்து, ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் போதும் என்றேன். அவள் முதல் நாள் விரல் விட்டு எண்ணியது மாதங்களைத்தானா, வருகைகளையா என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஆகியிருந்தது.

மெதுவாக வேண்டிய பற்கள்

வேகத்தைப் பற்றிய பேச்சில் எப்போதும் விடுபடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வாயில் எங்களுக்கு இரண்டு வேகம் வேண்டும். கோரைப்பல் பின்னே போக வேண்டும். அதை இழுக்கப் பிடிமானமாக இருக்கும் கடைவாய்ப்பல் முன்னே வரக் கூடாது. எல்லாப் பற்களையும் ஒருசேர விரைவுபடுத்தும் மருந்து ஒன்று நாளைக்கே வந்தாலும் எனக்கு அதனால் பயன் இல்லை. பிடிமானமும் சேர்ந்து ஓடிவிடும். எலும்பரிக்கும் செல்களை உருவாக்கச் சொல்லும் ஒரு புரதமும், அதைத் தடுக்கும் ஆஸ்டியோபுரோடெஜெரின் என்ற இன்னொரு புரதமும் உடலில் இருக்கின்றன. ஜப்பானில் கன்சாகியும் அவருடன் இருந்தவர்களும் தடுக்கும் புரதத்தின் மரபணுவை எலியின் பல்லைச் சுற்றிய திசுவில் செலுத்தி, பல் நகர்வை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, தூண்டும் புரதத்தின் மரபணுவைச் செலுத்தி நகர்வைக் கூட்டிக் காட்டினார்கள். ஒரு பல்லுக்கு விரை, பக்கத்துப் பல்லுக்கு நில் என்று தனித்தனியே சொல்லக்கூடிய முறை என்பதால், எனக்கு உண்மையான நம்பிக்கை தருவது இந்தத் திசைதான். அது மனிதர்களுக்கு வரும்வரை, கடைவாய்ப்பல்லை நிறுத்திவைக்க எலும்பில் ஒரு சிறு ஸ்க்ரூவை வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெண்ணுக்கும் வைத்தேன். அதற்கு அவள் பயப்படவில்லை.

அவளுக்குக் கிளிப்பைக் கழற்றியது 2023-ல். மொத்தம் இருபத்தைந்து மாதம். கடைசிப் பதினான்கு மாதத்தில் அவள் வந்தது எட்டு முறை. உதடு மூடுகிறது. கறையை என்ன செய்யலாம் என்று பிறகு பேசலாம் என்றாள். பல்லை அங்கேயே நிறுத்திவைக்கும் ரிடெய்னரை மாட்டிக் காட்டி, ஈறின் மேல் நார்கள் புது இடத்துக்குப் பழக ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், அதுவரை கட்டாயம், அதன் பிறகும் இரவில் போட்டுக்கொள்வது நல்லது என்றேன். உடன் வந்திருந்த ஒன்பது வயதுத் தம்பியை அம்மா நாற்காலியில் உட்காரவைத்து, "இவனுக்கும் அக்கா மாதிரியே தூக்கிட்டு வருது, பாருங்க டாக்டரம்மா" என்றார். ஒகேனக்கல் தண்ணீரில் வளர்ந்த பற்கள், கறை இல்லை. இன்னும் கடைவாய்ப் பால்பற்கள் விழவில்லை, மூன்று வருடம் கழித்து வாருங்கள் என்று அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.